மலிவுக் கணினியும் தனித்துவிடப்பட்ட மாணவரும்

இந்தியாவில் மலிவுக் கணினிக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிமுக விழா நடந்துவிடுகிறது. மேடையில் ஓர் அமைச்சர் இருப்பார். கையில் ஒரு கருவி இருக்கும். அதன் விலை அறிவிக்கப்படும். மறுநாள் அந்த விலையே நாளிதழ்களின் தலைப்பாகும். அந்தக் கருவியைக் கொண்டு வகுப்பறையில் மாணவர் என்ன செய்வார், யாரோடு சேர்ந்து செய்வார், செய்ததை யார் படிப்பார் என்ற கேள்விகளுக்கு மேடையில் இடமிருப்பதில்லை. கால் நூற்றாண்டாக இந்நாட்டின் கல்விக் கணினித் திட்டங்களை ஆட்டிப்படைப்பது விலை என்னும் ஒற்றை எண். அந்த எண்ணைத் துரத்தியவர்கள், கணினியால் வகுப்பறைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பயனைத் தொடக்கத்திலேயே வெளியே தள்ளிவிட்டார்கள். பலர் ஒரே பனுவலில், ஒரே தரவில், ஒரே கணக்கில் சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பே அந்தப் பயன். இதை வெறும் மறதி என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. மாணவரைத் தனித்தனியாக வரிசையில் நிறுத்தித் தரம்பிரிக்கும் கல்வி முறை, கணினியையும் தன் வரிசைக்குள் இழுத்துக்கொண்டது என்பதே உண்மை.

முதல் முயற்சி இவ்வளவு மோசமாக இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து 2001இல் முன்வைத்த சிம்ப்யூட்டர், ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் விலையைக் குறிவைத்தது. அன்றைய உழைக்கும் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத தொகை என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகவே கருவியில் ஸ்மார்ட் அட்டைக்கு ஓர் இடம் வைத்தார்கள். ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையைச் செருகியவருக்கு அந்நேரம் அந்தக் கருவி அவருடையது; எடுத்துவிட்டால் அடுத்தவருடையது. பகிர்வதன் மூலமே விலையைக் குறைக்கலாம் என்று பொறியியலாளர் சிலர் இந்நாட்டில் சிந்தித்த அரிய தருணம் அது. கருவி 2004இல் சந்தைக்கு வந்தது. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றுபோனது. கைபேசி விலை சரிந்தது முதல் அரசுத் துறைகளின் அலட்சியம் வரை தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் தோற்ற கருவியோடு சேர்த்து அதன் சரியான எண்ணத்தையும் குழிதோண்டிப் புதைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்து வந்தது நிக்கோலஸ் நெக்ரோபான்டேயின் நூறு டாலர் மடிக்கணினி. 2006இல் இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதை ஏற்க மறுத்தது. அத்திட்டம் கல்வியியல் நோக்கில் ஐயத்துக்குரியது, பகட்டான கருவிகளைவிட வகுப்பறைகளும் ஆசிரியர்களுமே அவசரத் தேவை என்று கல்விச் செயலர் சுதீப் பானர்ஜி எழுதினார். இந்திய அதிகார வர்க்கத்திடமிருந்து கல்வித் தொழில்நுட்பம் குறித்து வெளிவந்த அறிவார்ந்த வாக்கியங்களில் அது ஒன்று. அதன் ஆயுள் மூன்றே ஆண்டு. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் அதே அமைச்சகம் 'பத்து டாலர் கணினி'யை அறிமுகப்படுத்துவதாக உலகத்தையே அழைத்தது. வெளிவந்த பொருள் கணினியே அல்ல. தரவுகளைச் சேமித்துவைக்கும் ஒரு சிறு பெட்டி. நூறு டாலரை நிராகரித்ததன் காரணம் கல்வியியல் என்று நம்பியவர்களுக்கு, எதிர்ப்பெல்லாம் நூறு என்ற எண்ணின் மீதுதானோ என்ற ஐயம் அன்று எழுந்திருக்க வேண்டும்.

பிறகு 2010 ஜூலையில் முப்பத்தைந்து டாலர் மாதிரி. 2011 அக்டோபர் 5 அன்று ஆகாஷ். அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம், அழுத்தினால் மட்டுமே உணரும் ஏழு அங்குலத் திரை. இந்த விவரங்களைப் பொறியியல் குறைகளாக மட்டுமே பார்த்து அன்றைய நாளிதழ்கள் கேலி செய்தன. அவற்றில் ஒரு கல்விக் கொள்கையே எழுதப்பட்டிருந்தது. விசைப்பலகை இல்லாத, தொட்டால் உணர மறுக்கும் திரையில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை யாரும் எழுத முடியாது. காணொளி பார்க்கலாம், பாடநூலின் பக்கங்களைப் புரட்டலாம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கலாம். மாணவர் பெற்றுக்கொள்பவர், எழுதுபவர் வேறு எங்கோ இருக்கிறார் என்ற முன்முடிவு அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. 2012 நவம்பரில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட இரண்டாம் ஆகாஷின் செயலி வேகமானது, திரை நல்லது. முன்முடிவு மட்டும் மாறவில்லை.

நெக்ரோபான்டேயின் கருவியைப் பற்றி இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். எக்ஸ்ஓ என்ற அந்தப் பச்சை மடிக்கணினியின் மென்பொருளான சுகர், இணையம் இல்லாத இடத்திலும் அருகருகே உள்ள கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. திரையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் புள்ளிகளாகத் தெரிவார்கள். எழுதும் செயலியில் ஒரே பக்கத்தில் பல குழந்தைகள் ஒரே நேரத்தில் எழுதலாம். மலிவுக் கணினியும் கூட்டுப்பணிக் கருவியும் ஒரே பெட்டிக்குள் வந்த வடிவமைப்பு அது. திட்டத்தின் பெயரோ 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்றிருந்தது. அரசுகள் வாங்கியது பெயரைத்தான். பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை வாங்கி விநியோகித்தது. அங்கே 319 பள்ளிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் இல்லை என்று காட்டியது. அந்த முடிவைக் கணினிக்கு எதிரான தீர்ப்பாக மேற்கோள் காட்டுவோர் இந்தியக் கல்விப்புலத்தில் ஏராளம். கருவிக்குள் இருந்த கூட்டுப்பணி, பாடத்திட்டத்துக்குள்ளும் ஆசிரியர் பயிற்சிக்குள்ளும் தேர்வுக்குள்ளும் வராத இடத்தில் அந்த ஆய்வு எதை அளந்திருக்கும் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

சுகதா மித்ரா 1999இல் தில்லி கால்காஜியில் சுவரில் பதித்த கணினி இன்னொரு வகைத் திரிபு. ஒரு கணினியைச் சுற்றிப் பல குழந்தைகள் கூடி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து, சண்டையிட்டு, கற்றுக்கொண்டார்கள் என்று அவர் கண்டார். கவனித்தது சரி. அதிலிருந்து அவர் உலக மேடைகளில் எடுத்துச் சொன்ன முடிவு, ஆசிரியர் தேவையில்லை என்பது. குழந்தைகள் கூடினார்கள் என்ற பாதியைவிட ஆசிரியர் இல்லை என்ற பாதியே நிதியாளர்களுக்குப் பிடித்திருந்தது. அத்தகைய சுவர்க் கணினிகளை நேரில் பார்த்த மார்க் வார்ஷாவர் போன்றோர், இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யவில்லை, குழந்தைகள் பெரும்பாலும் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று பதிவு செய்தார்கள். அது மேடைகளை எட்டவில்லை.

இப்போது இந்தத் தனிமைக்குக் கவர்ச்சியான பெயர் ஒன்று கிடைத்திருக்கிறது: தனிநபருக்கேற்ற கற்றல். 2022 மே மாதம் ஹரியானா அரசு 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர் ஐந்து லட்சம் பேருக்குக் கைக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவரவர் நிலைக்கேற்பப் பாடத்தை மாற்றித் தரும் மென்பொருளும் நாள்தோறும் இலவச இணையத் தரவும் அதோடு சேர்ந்து வந்தன. நோக்கத்தைக் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த மென்பொருளின் உலகத்தில் ஒரு மாணவருக்கு இன்னொரு மாணவர் தேவையே இல்லை. நாற்பது பேர் ஒரே அறையில் அமர்ந்து நாற்பது வெவ்வேறு வினாக்களுக்கு விடை தட்டுகிறார்கள். அவர்களை இணைக்கும் ஒரே நூல், நிர்வாகியின் திரையில் ஓடும் தரவரிசை. வகுப்பறை என்ற சொல்லுக்கு இதற்குமேல் பொருள் வேண்டாம் என்று முடிவு செய்தவர் யார்?

மறுதரப்பையும் விட்டுவிடக் கூடாது. சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் போதும், கணினி எல்லாம் வசதி படைத்தவர்களின் விவகாரம் என்று கருத்தரங்குகளில் முழங்கும் பேராசிரியர்கள் உண்டு. அவர்கள் கையில் எடுக்கும் புள்ளிவிவரம் உண்மையானது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி 2017-18இல் கணினி இருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 4.4 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு. பள்ளிகளின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை: 2023-24ஆம் ஆண்டுக்கான யூடைஸ் பிளஸ் தரவின்படி இயங்கும் கணினி இருந்த பள்ளிகள் 57.2 விழுக்காடு, இணையம் இருந்தவை 53.9 விழுக்காடு. இந்த எண்களைக் காட்டி, ஆகவே கணினி வேண்டாம் என்று முடிப்பதுதான் வியப்பு. நூலகம் இல்லாத ஊரைக் காட்டி, ஆகவே புத்தகம் வேண்டாம் என்று சொல்பவரை இவர்களே சும்மா விடமாட்டார்கள். தம் கட்டுரைகளை மூன்று நாடுகளில் உள்ள சகாக்களோடு கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதும் அறிஞர், தம் முதுகலை வகுப்பில் அதே வேலைமுறை நுழைவதை ஆடம்பரம் என்கிறார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு அந்த வேலைமுறை எங்கே கிடைக்கும்? வசதியுள்ள மாணவருக்கு அது வீட்டிலேயே கிடைத்துவிடும். வகுப்பறையில் மறுக்கப்படுவது யாருக்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கூட்டுப்பணி என்றால் என்ன என்பதை ஓர் எளிய ஆய்வகச் சோதனையை வைத்தே சொல்லலாம். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் சோதனை இந்தியா முழுவதும் பள்ளியிலும் இளங்கலை முதலாண்டிலும் நடக்கிறது. வர வேண்டிய விடை 9.8 என்பது எல்லா மாணவருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆகவே எல்லா ஆய்வகக் குறிப்பேடுகளிலும் 9.8 வந்துவிடுகிறது. அளவீடு 9.8 தராதபோது அளவீட்டைத் திருத்துவது எப்படி என்பதைத்தான் அந்த மூன்று மணி நேரத்தில் மாணவர் கற்கிறார். அறிவியல் கல்வியின் முதல் பாடமே பொய்க்கணக்கு என்பதை அறியாத இயற்பியல் ஆசிரியர் இருக்க முடியாது.

அதே வகுப்பில் பகிர்ந்த விரிதாள் ஒன்றைத் திறந்து, இருபது குழுக்களும் தம் ஊசலின் நீளத்தையும் இருபது அலைவுகளுக்கான நேரத்தையும் உடனுக்குடன் பதிந்தால் நடப்பது வேறு. தாள் தானே கணக்கிட்டு இருபது மதிப்புகளையும் ஒரு வரைபடத்தில் வைக்கும். பெரும்பாலானவை 9.8ஐச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். நான்கு குழுக்களின் மதிப்புகள் மட்டும் 10.9 அருகே தனிக் கூட்டமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு மட்டும் தவறியிருந்தால் கவனக்குறைவு எனலாம். நான்கு குழுக்கள் ஒரே இடத்தில் தவறினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். வகுப்பு தேடத் தொடங்குகிறது. கடிகாரத்தை இயக்கிய கணத்தில் 'சுழி' என்று சொல்லாமல் 'ஒன்று' என்று சொல்லித் தொடங்கியவர்கள் அந்த நால்வர் குழுக்கள். 'இருபது' என்னும்போது ஊசல் ஆடியிருப்பது பத்தொன்பது அலைவுகள்தான். நேரத்தை இருபதால் வகுத்ததால் அலைவுநேரம் ஐந்து விழுக்காடு குறைந்தது. அது இருமடிப் படியில் வருவதால் விடை ஏறத்தாழ பதினொரு விழுக்காடு கூடியது. முறைசார் பிழை என்ற கருத்தைப் பாடநூல் ஒரு பத்தியில் வரையறுக்கிறது. இங்கே அது கண்ணெதிரே நிற்கிறது, கண்டுபிடித்தவர்களும் மாணவர்களே. தனித்தனிக் குறிப்பேடுகளில் அந்தக் கூட்டம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பொய்யாக 9.8 எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது.

இதற்கு நாற்பது கணினிகள் தேவையில்லை. குழுவுக்கு ஒன்று இருந்தால் நல்லது. நான்கு குழுக்களுக்கு ஒன்று இருந்தாலும் வேலை நடக்கும். வெளி இணையமும்கூடத் தேவையில்லை. 2012இல் முப்பத்தைந்து டாலருக்கு வெளிவந்த ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றில் ஈதர்பேட் முதலிய கட்டற்ற மென்பொருளை நிறுவி, ஒரு வைஃபை பெட்டியோடு சேர்த்து வகுப்பில் வைத்தால், அறையில் உள்ள பழைய மடிக்கணினியும் கைபேசியும் ஒரே பக்கத்தில் எழுதும். மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரே பத்தியை ஆறு பேர் திருத்தி, எந்தச் சொல்லை யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று திருத்த வரலாற்றைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதும் இதே வழியில் நடக்கும். மலிவு என்பதைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடாமல் வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் படமே மாறிவிடுகிறது.

பெருந்தொற்றுக் காலம் இதற்கெல்லாம் வழிதிறந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபின் கூட்டுப்பணிக் கருவிகள் ஒரே மாதத்தில் ஒவ்வொரு கல்லூரிக்குள்ளும் நுழைந்தன. நுழைந்த வேகத்திலேயே அவை வேறொன்றாக மாற்றப்பட்டன. கூகுள் கிளாஸ்ரூம் ஒப்படைப்புகளைப் போடும் தபால் பெட்டியானது. கையால் எழுதிய தாளைக் கைபேசியில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, அதில் போடுவது 'எண்ணிமக் கற்றல்' எனப்பட்டது. வாட்ஸாப் குழுவில் நிர்வாகி மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பு பல துறைகளில் முதல் நாளிலேயே இடப்பட்டது. ஒருவர் பேச அறுபது பேர் கேட்பதற்காகவே உருவாக்கப்பட்டதைப் போல அக்கருவிகள் வளைக்கப்பட்டன. கருவி வகுப்பறையை மாற்றும் என்று எதிர்பார்த்தவர்கள், வகுப்பறை கருவியை எவ்வளவு எளிதாகத் தன்னைப்போல் ஆக்கிக்கொள்ளும் என்பதைக் கண்டார்கள்.

ஆசிரியரைக் குறைசொல்வது எளிது. தவறு அதற்கும் மேலே இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகத் தேர்வு முறையில் இருவர் சேர்ந்து எழுதியதற்கு ஒரே ஒரு பெயர் உண்டு: காப்பி. அகமதிப்பீட்டு மதிப்பெண், பருவத்தேர்வு மதிப்பெண், தரவரிசை என எல்லாமே ஒரு பதிவெண்ணுக்கு உரியவை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் ஒப்புமை விழுக்காட்டை வைத்துத் தண்டனைப் படிநிலைகளை வகுத்தன. பத்து விழுக்காடு வரை மன்னிப்பு, அதற்குமேல் படிப்படியான நடவடிக்கை. ஆய்வேடுகளுக்கும் கட்டுரைகளுக்கும் அப்படியோர் ஒழுங்கு தேவைதான். ஆனால் அந்த மென்பொருள் முடிந்துபோன பனுவலை மட்டுமே பார்க்கிறது. சொற்களை மாற்றிப்போட்டுத் தப்பிப்பவரை அது விட்டுவிடும். நண்பரோடு விவாதித்து நேர்மையாக எழுதியவரை ஐயத்தோடு பார்க்கும். கூட்டாக எழுதும் பக்கத்தின் திருத்த வரலாறோ ஒரு வாக்கியம் எப்படிப் பிறந்தது, யார் கையில் எப்படி வளர்ந்தது என்பதையே காட்டுகிறது. மதிப்பிடத் தகுந்தது அதுதான். (அதே வரலாற்றை மாணவர் எத்தனை மணிக்கு உறங்கினார் என்று கண்காணிக்கவும் பயன்படுத்தலாம், துறைத் தலைவர்கள் சிலருக்கு இந்த யோசனை முதலில் தோன்றும் என்பதால் அதற்கு எதிரான விதியும் உடன் வேண்டும்.)

அவசரத்தில் கூட்டுப்பணியை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் மாணவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் பெருந்திரளாகச் சேர்க்கப்பட்டார்கள். வழிகாட்ட நியமிக்கப்பட்டவர்களில் பலருக்கே விக்கிப்பீடியாவில் எழுதிய அனுபவம் குறைவு. மாணவர் புத்தகங்களிலிருந்தும் இணையத் தளங்களிலிருந்தும் வெட்டி ஒட்டினார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதைத் துப்புரவு செய்தே களைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது. இந்திய மாணவருக்கு நேர்மை இல்லை என்று அன்று இணையத்தில் எழுதியவர்கள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வியில் பாடநூலின் வரியை எழுத்துப் பிசகாமல் திருப்பி எழுதியதற்கே முழு மதிப்பெண் பெற்றவர்கள் அவர்கள். அதையே விக்கிப்பீடியாவிலும் செய்தார்கள். சொந்தச் சொற்களில் எழுதுவது ஒரு பயிற்சி. அதை யாராவது முன்பே தந்திருக்க வேண்டும். பின்னர் பெங்களூரு கிறைஸ்ட் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழி மாணவர்கள் தத்தம் மொழி விக்கித் திட்டங்களில் பணியாற்றும் முயற்சி, மொழித்துறை ஆசிரியர்களின் துணையோடும் தெரிந்த மொழியிலும் நடந்தது. எந்தத் தலைப்புச் செய்தியும் இல்லாமல் அது சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

உடைமை பற்றிய கேள்வி இதற்கு அடுத்தது. இலவசம் என்று வாங்கிய கூட்டுப்பணிக் கருவிகளின் கணக்கு 2021இல் வந்தது. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடம் தந்துவந்த கூகுள், இனி நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் மட்டுமே என்று அறிவித்து 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. பல்லாயிரம் மாணவரைக் கொண்ட பல்கலைக்கழகங்கள் தலைக்கு இத்தனை ஜிகாபைட் என்று பங்குபிரித்தன. முன்னாள் மாணவரின் கணக்குகளை மூடின. ஒரு வணிக நிறுவனம் தன் வணிகத்தைச் செய்தது. அதில் குற்றம்காண ஏதுமில்லை. தன் மாணவர்களின் எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒருமுறையும் கேட்காத துணைவேந்தர் அலுவலகங்களுக்குத்தான் அது வெட்கக்கேடு.

கேரளம் இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது என்பதால் அங்கே விடையும் சற்று மேலானது. 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் தனியுரிம மென்பொருளோடு பிறந்து, ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பாலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் உழைப்பாலும் குனு/லினக்ஸுக்கு மாறியது. பள்ளி ஆசிரியர்களே பயிற்றுநர்களாகவும் மென்பொருளைத் தமக்கேற்பத் திருத்துபவர்களாகவும் ஆனார்கள். பள்ளிகள் தம் வரலாற்றையும் ஊர்ச் செய்திகளையும் தாமே எழுதிச் சேர்க்கும் ஸ்கூல்விக்கி 2009 முதல் வளர்ந்துவருகிறது. மலிவு என்பது அங்கே உரிமக் கட்டணம் இல்லாததிலிருந்து வந்தது. தரங்குறைந்த கருவியிலிருந்து வரவில்லை. அதற்காகக் கேரளத்தைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதும் இல்லை. பின்னர் 45,000 வகுப்பறைகளுக்கு அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு மடிக்கணினியும் ஒரு படவீழ்த்தியும். ஒளிவிடும் கரும்பலகை என்றாலும் கரும்பலகைதான். சுண்ணக்கட்டி இன்னும் ஒருவர் கையில்தான்.

தமிழ்நாடு 2011 முதல் பல லட்சம் மாணவருக்கு மடிக்கணினி கொடுத்தது. விலையில்லா என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களின் ஏளனம் இங்கே பொருட்படுத்தத் தக்கதல்ல. விசைப்பலகையோடு கூடிய ஒரு முழுக் கணினி கிராமத்து மாணவியின் சொந்தப் பொருளானது பெரிய நிகழ்வு. கேட்க வேண்டிய கேள்வி உயர்கல்வி நிறுவனங்களை நோக்கியது. தன் மாணவர் கையில் கணினி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதிய பல்கலைக்கழகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அரசு கொடுத்ததை வகுப்பு பயன்படுத்தவில்லை. மடிக்கணினி வீட்டுக்குப் போனது, வகுப்பு பழையபடியே நடந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மீண்டும் கருவிகள் அறிவிக்கப்பட்டன. பாடத்திட்டக் குழுக்கள் இம்முறையாவது அதைக் கணக்கில் கொள்ளுமா?

கொள்வதாக இருந்தால் முதலில் செலவிட வேண்டியது ஆசிரியரின் நேரத்துக்கு. அறுபது மாணவர் பதினைந்து குழுக்களாக எழுதுவதை வாரந்தோறும் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, அடுத்த வகுப்பில் விவாதிப்பது உழைப்பு. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளரிடம் அந்த உழைப்பை எதிர்பார்க்கும் நிறுவனம், வகுப்பில் நின்று பேசும் நேரத்துக்கு மட்டுமே அவருக்குச் சம்பளம் தருகிறது. படிக்கும் நேரம் ஊதியக் கணக்கிலேயே இல்லை. கணினிக் கொள்முதலுக்குக் கோடிகளை ஒதுக்கும் கோப்பு கையெழுத்தாகும் அதே மேசையில், நிரந்தரப் பணியிடங்களை நிரப்பும் கோப்பு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறது. யாரும் படிக்காத கூட்டுப் பக்கத்தில் இரண்டாவது வாரத்துக்குமேல் எந்த மாணவரும் எழுதமாட்டார். எழுத வேண்டிய காரணமும் அவருக்கு இல்லை.

அடுத்த கருவிக்கான ஒப்பந்தப்புள்ளி எப்படியும் வெளிவரும். செயலியின் வேகம், திரையின் அளவு, மின்கலத்தின் ஆயுள் ஆகியவற்றுக்கு அதில் அட்டவணைகள் இருக்கும். ஆட்சிப் பேரவை, கல்விக்குழு, பாடத்திட்டக் குழு ஆகியவற்றில் இருக்கும் கல்வியாளர்கள் அந்த ஆவணம் இறுதியாவதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டியவை உண்டு: விசைப்பலகை, வளாகத்துக்குள்ளேயே இயங்கும் பொதுச் சேவையகம், மாணவர் எழுத்து மாணவருக்கே உரியது என்ற விதி, குழுவாகச் செய்த பணிக்கு அகமதிப்பீட்டில் இடம், அதைப் படிப்பதற்குப் பணிச்சுமைக் கணக்கில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம். இவற்றுள் முதல் இரண்டுக்கு மட்டுமே பணம் பெரிதாக வேண்டும். மற்றவற்றுக்குத் தேவை ஒரு கூட்டம், ஒரு தீர்மானம், பதிவாளரின் கையொப்பம்.